கரும்பு வெட்டும் கைக்குப் பருப்பு போதுமா?

ஃபிஜியின் நாந்தியில் பஸ் ஏறிய அரை மணி நேரத்துக்குள் எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் பக்கத்து இருக்கை அம்மாள். நல்ல ஆகிருதி, பூப்போட்ட கவுன், மடியில் துணி மூடிய பாத்திரம். துணியை விலக்கி ஒரு துண்டு மீனை எடுத்து நீட்டினார். நான் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். அப்படியானால் கோழி இருக்கிறது என்றார். அதுவும் இல்லை என்றேன். மாட்டிறைச்சி டப்பாவில்தானே வருகிறது, அதை இறைச்சியில் சேர்க்க முடியாது என்று யோசனை சொன்னார். பிறகு முட்டை, வெண்ணெய், பால் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கடைசியில் என் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். விரல்கள் தாராளமாக ஒன்றையொன்று தொட்டன.

"டாக்டர் எத்தனை நாள்னு சொல்லியிருக்கார்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

நான் இறைச்சி தின்னாத குடும்பத்தில் பிறந்து, போதாக்குறைக்கு நாற்பது வயதில் பாலையும் தயிரையும் நெய்யையும் விட்டவன். இன்றைக்கு அதை வீகன் என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். அன்றைக்குப் பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கொழுப்பு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் வேலை. சனி ஞாயிறுகளில் ஊர் ஊராகப் போய், செடி கொடியிலேயே எல்லாச் சத்தும் இருக்கிறது என்று சொற்பொழிவு செய்வேன். எந்தப் பருப்பில் எவ்வளவு புரதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கூட்டம் கேட்டுவிட்டு, என் தோள்பட்டை எலும்பைப் பார்த்துவிட்டு, டீக்கடைக்குப் போய்விடும்.

அப்படிப்பட்ட என்னை ஃபிஜிக்கு வரவழைத்தவன் கிருஷ்ணசாமி. கோயம்புத்தூரில் படித்தபோது என் ஹாஸ்டல் அறைத்தோழன். அங்கே அவனுக்கு கிச்சா என்று பெயர். மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேரன். முந்தின வருஷம் ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து, பிரதமரையே பிடித்து வைத்திருந்த கதையை நாங்கள் பேப்பரில் படித்தோம். இந்தியக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. கிச்சாவும் நியூசிலாந்து போக விண்ணப்பித்திருந்தான், கிடைத்துவிட்டது. 'போறதுக்கு முன்னால என் வயலை ஒரு தடவை பார்த்துட்டுப் போடா' என்று எழுதியிருந்தான். அப்பா நட்ட வயல், அடுத்த செவ்வாய் விமானம், அதற்குள் கடைசி அறுவடை. எனக்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் இறக்கிவிடத் தார்ப்பாய் சுருட்டி வைத்திருக்கிறார்கள். ரராவாய் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி தெரிந்த இடத்தில் டயர் பஞ்சர். உடுமலைப் பக்கத்து ஆலை வாசனையேதான், மூக்கை மூடிக்கொண்டால்தான் வேறு நாடு. பயணிகள் இறங்கி, கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் உப்பும் மிளகாயும் போட்ட வறுத்த பட்டாணி வாங்கித் தின்றார்கள். நானும் இரண்டு கூம்பு வாங்கி, ஒன்றைப் பக்கத்து இருக்கை அம்மாளிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல், எனக்குத்தான் அதிகம் தேவை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ரக்கிரக்கிக்கு முன்னால், கிங்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில் கிச்சாவின் வீடு. தகரக் கூரை, சுற்றிலும் கரும்பு. பக்கத்தில் நாலு வீடுகள், அவற்றில் மூன்றின் ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. ஒருவர் ஆக்லாந்தில், ஒருவர் சிட்னியில், ஒருவர் எங்கே என்றே தெரியவில்லை என்று கிச்சா கையைக் காட்டிக்கொண்டே வந்தான். முடி நரைத்திருந்தது. தமிழ் மட்டும் ஹாஸ்டலில் விட்ட இடத்திலேயே நின்றது.

அவன் மனைவி சரோஜினி மஞ்சள் புடவையில், மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு வந்து நின்றாள். தமிழ் நாலைந்து வார்த்தைதான் வரும், மற்றதெல்லாம் ஃபிஜி இந்தி. நான் பரீட்சை எழுதிப் படித்த இந்தியில் நலம் விசாரித்தேன். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வீட்டுக்கே வந்துவிட்டது போல அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் அவள் தீ மிதிக்கிறாள். காப்புக் கட்டியவர்கள் பத்து நாள் கோயிலிலேயே தங்க வேண்டும். மூட்டை முடிச்சு கட்ட வேண்டியிருந்ததால், இரவு மட்டும் அங்கே தங்கினால் போதும் என்று இவளுக்குப் பூசாரி அனுமதி கொடுத்திருந்தார். அதற்குப் பதிலாக வீடும் கோயில் மாதிரி இருக்க வேண்டும். இறைச்சி, மீன், முட்டை எதுவும் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

எதற்கான வேண்டுதல் என்று கிச்சா தனியாகச் சொன்னான். கலவர நாட்களில் ஒரு சாயங்காலம் சில பையன்கள் மாட்டை அவிழ்க்க வந்திருக்கிறார்கள். இவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். திரும்பி வருவானா என்று தெரியாமல் அவள் கதவுக்குப் பின்னால் நின்று வேண்டிக்கொண்டாள். மாடு போனது, மனுஷன் வந்தான். "அவ வேண்டுதல நான் எப்படிடா குறை சொல்ல முடியும்?" என்றான். குறை சொல்ல ஆசைப்படுகிறவனின் குரல் அது.

விஷயம் இதுதான். கரும்பு வெட்டுவதற்கு அங்கே கூட்டம் கூட்டமாக ஆட்கள் உண்டு. முறை வைத்து ஒவ்வொரு வயலாக வெட்டிப் போவார்கள். எந்த வீட்டுக் கரும்போ அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு. முன்பெல்லாம் கூட்டத்தில் இருந்தது அக்கம்பக்கத்து நம் ஆட்கள். திருவிழாப் பத்து நாளில் எல்லோருக்குமே விரதம், பிரச்சினை இல்லை. இப்போது அவர்கள் பிளேன் ஏறிவிட்டார்கள். வெட்டுகிற பத்துப் பேரும் மலையடி கிராமத்து ஃபிஜிக்காரர்கள். மழையால் தள்ளிப் போன கிச்சாவின் முறை, சரியாக விரத வாரத்தில் வந்து விழுந்திருந்தது.

அன்று மாலையே கூட்டத்தின் தலைவன் வந்தான். தலைவனுக்கு அங்கே சர்தார் என்று பெயர். நான் தலைப்பாகையைத் தேடினேன். வந்தவன் செமி, கதவை மறைக்கிற உடம்பு, கிச்சாவோடு பள்ளிக்கூடம் போனவன். அங்கே நிலம் ஃபிஜிக்காரர்களுடையது, கிச்சாவுக்கு இது குத்தகைதான். குத்தகை முடிந்து இந்த நிலம் திரும்பிப் போவதும் செமியின் வகையறாவுக்குத்தான். அந்தச் சங்கடம் இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. கேட்டுக்கு வெளியே கொட்டகையில் பாய் விரித்து, யங்கோனா கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினார்கள். ஒரு செடியின் வேரை இடித்துக் கரைப்பது. செடி என்பதால் நான் மறுக்கவும் வழியில்லை. சேற்றுத் தண்ணீர் ருசி. மூன்றாவது சிரட்டையில் நாக்கு மரத்துவிட்டது.

செமி கிச்சாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "இறைச்சி இல்லேன்னா பசங்களுக்குக் கை ஓடாது. உன் மேலயும் பௌஜி மேலயும் மரியாதை இருக்கு. ஆனா ரெண்டாம் நாள் கத்தியைக் கீழே வெச்சுடுவாங்க. நாங்க அடுத்த வயலுக்குப் போறோம், திருவிழா முடிஞ்சு வர்றோம்." பௌஜி என்றால் அண்ணி.

திருவிழா முடிந்தால் நடுவில் ஒரே நாள், அதற்கடுத்த நாள் விமானம். அதன்பின் கரும்பு நின்றால் நின்றதுதான். கேட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டி டப்பா மீனைக் கொதிக்கவைத்தால் என்ன என்று கிச்சா ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருக்கிறான். அப்படியானால் ஆக்லாந்துக்கு நீ மட்டும் போ என்று சரோஜினி சொல்லிவிட்டாள்.

நாக்கு மரத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். யானை என்ன தின்கிறது என்று கேட்டேன். எருது என்ன தின்கிறது என்று கேட்டேன். புரதத்தைப் பற்றி ஒரு முழுச் சொற்பொழிவை இந்தியில் ஆற்றினேன். சமையல் என் பொறுப்பு, ஒருவன் கை சோர்ந்தாலும் என்னைக் கேளுங்கள் என்று நெஞ்சைத் தட்டினேன். உள்ளே எலும்பு சத்தம் கேட்டது. செமி என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான். இரண்டு நாள் பார்க்கலாம் என்றான். இரக்கப்பட்டுத்தான் ஒப்புக்கொண்டிருப்பான் என்று இப்போது நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் இறங்கினேன். சோறு, கெட்டியாகத் துவரம்பருப்பு, கொண்டைக்கடலைக் குழம்பு, பீன்ஸ், தேங்காய் போட்ட வேர்க்கடலைச் சுண்டல். கடைசி அறுவடையில் மரியாதை குறையக்கூடாது என்று சரோஜினி நல்ல அரிசியாக எடுத்துக் கொடுத்தாள், வாழையிலை வெட்டிவந்தாள். பந்தி வைத்துப் பரிமாறினோம். ஒவ்வொருவராகப் பின்னால் நின்று, இதில் இருக்கிற சத்து இரண்டு கோழிக்குச் சமம் என்று ஊக்கம் கொடுத்தேன். மரியாதையாகத் தின்றார்கள், நன்றி சொன்னார்கள். இரண்டு மணிக்கு மாமரத்தடியில் பத்துப் பேரும் படுத்திருந்தார்கள்.

புரதம் போதவில்லை. எனக்குத் தோன்றிய ஒரே விளக்கம் அதுதான். புதன்கிழமை கடலையை இரண்டு மடங்காக்கினேன், பட்டாணி சேர்த்தேன், பருப்பை உருண்டையாகப் பிடித்து வேறு போட்டேன். அதன் பலன் மூன்று மணியளவில் வயலின் எல்லாத் திசையிலிருந்தும் சத்தமாகக் கேட்டது. வெட்டுகிறவர்கள் சிரித்துச் சிரித்துக் கத்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருவன் ஒவ்வொரு சத்தத்துக்கும் என் பக்கம் திரும்பி சல்யூட் அடித்தான். நானும் சிரித்தேன், ஆனால் நிற்கிற கரும்பு நின்றுகொண்டேதான் இருந்தது. சாயங்காலம் செமி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, நாளை ஒரு நாள், வெள்ளிக்கிழமை அடுத்த வயல் என்று கிச்சாவிடம் சொன்னான்.

கிச்சா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. வயலோரம் போய், நிற்கிற கரும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். நானாக வந்து, நானாக வாயைத் திறந்து, என் நண்பனின் கடைசி அறுவடையைக் கெடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் ரக்கிரக்கி கடைத்தெருவுக்கு ஓடினேன். என் திட்டம் என்ன என்றால், இன்னும் அதிகக் கடலை. வாத்தியார்களைத் திருத்துவது சிரமம். குஜராத்திக் கடை திறக்கும்வரை காத்திருந்து ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு, பத்து மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் இரண்டு மைல் ஓடி, ஒரு வீட்டு முன்னால் நின்றது. நாடு விட்டுப் போகிற குடும்பம் ஒன்று சாமான்களை விற்றுக்கொண்டிருந்தது. முதலில் தையல் மெஷின் ஏறியது, அப்புறம் பிரிட்ஜ், அப்புறம் சிவப்பு வெல்வெட் சோபா. நடைபாதையில் சோபாவைக் குறுக்கே போட்டுவிட்டதால் யாரும் நகர முடியவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, வீணாக ஏன் நிற்கிறீர்கள், அதில் உட்காருங்கள் என்றார். நானும் சோபாவை வாங்கிய தாத்தாவும் இரண்டு பள்ளிப் பெண்களும் உட்கார்ந்தோம். மடியில் கடலை மூட்டை. பொள்ளாச்சி டவுன் பஸ்ஸில் எனக்கு இப்படி ஒரு இருக்கை கிடைத்ததே இல்லை.

அந்தத் தாத்தா சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே வந்தார். போன வாரம் விருந்தாளியாகப் போய் இதே சோபாவில் உட்கார்ந்துதான் அவர்கள் போகிற சேதியைக் கேட்டாராம். வேறு யாரோ வாங்கிப் போவதைப் பார்க்க மனசு வராமல் தானே வாங்கிவிட்டார். வைக்க வீட்டில் இடம் இல்லை. சோபாவை இறக்க பஸ் பாதையை விட்டு மூன்று மைல் உள்ளே போனது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை, ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். அங்கே சர்பத் கொடுத்தார்கள். நான் மணியைப் பார்த்துப் பார்த்துச் செத்துக்கொண்டிருந்தேன்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. பந்தி முடிந்திருந்தது. மாமரத்தடியில் ஒருவரையும் காணவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள் என்று மூட்டையை அங்கேயே போட்டேன். அப்போதுதான் வயல் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்டது. பத்துப் பேரும் ஒரே வரிசையில், குரல் எடுத்துப் பாடிக்கொண்டு, கரும்பைச் சாய்த்துக்கொண்டே போனார்கள். நேற்று நாள் முழுக்க வெட்டிய அளவு ஏற்கெனவே தரையில் கிடந்தது.

நடந்தது இதுதான். நானும் வரவில்லை, கடலையும் இல்லை, பானையில் அரிசியும் தீர்ந்திருந்தது. சரோஜினி வேறு வழியில்லாமல் கொல்லைக்குப் போய் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கினாள். பெரிய டின்னில் வேகவைத்தாள். சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் போட்டு, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து இறக்கினாள். வெறுங்கிழங்கைப் போடுகிறோமே என்று வெட்கப்பட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் பரிமாறினாளாம். தின்றவர்கள் ஏப்பம் விட்டார்கள். செமி மூன்று முறை வாங்கித் தின்றுவிட்டு எழுந்தானாம்.

சாயங்காலம் நான் செமியிடம் போய் உண்மையைச் சொல் என்றேன். அவன் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரமானது.

"மாஸ்டர், ரெண்டு நாளும் நீ தொட்டுக்கத்தான் போட்டே. பருப்பு நல்லாயிருந்துச்சு, கடலை நல்லாயிருந்துச்சு. சாப்பாடு எப்ப வரும்னு பாத்துட்டே இருந்தோம். இறைச்சி இல்லாததாலதான் இப்படின்னு நானும் நெனச்சேன். இன்னிக்குத் தின்னப்பறம்தான் எனக்கே புரிஞ்சுது."

மற்ற வீடுகளில் இறைச்சிக் குழம்போடு கிழங்கு குவியலாக வரும். கிழங்குதான் சாப்பாடு, குழம்பு அதைத் தள்ளிவிட. சோறு அவர்களுக்கு ஒரு பதார்த்தம். நாங்களோ மரியாதை என்று கிழங்கை மறைத்துவிட்டோம். இதில் எனக்குத்தான் மன்னிப்பே கிடையாது. எங்கள் ஊரில் கரும்பு வெட்டுகிறவர்கள் ராகிக்களியை உருண்டை உருண்டையாக விழுங்கிவிட்டு, தொட்டுக்கொள்ளத் துளிக் கீரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வெட்டுகிறார்கள். அதைப் பிறந்தது முதல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செடி கொடியைத் தின்றால் ஏதோ ஒன்று குறையும், அதைக் கடலை போட்டு அடைக்க வேண்டும் என்ற பயம், ஊருக்கு உபதேசம் செய்த எனக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை என் வேலை கிழங்கு தோல் உரிப்பது. சமையல் அதிகாரம் பறிபோய்விட்டது. சனிக்கிழமை மத்தியானம் கடைசி லாரி கிளம்பியது. கிச்சா அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து போனான். திரும்பி வந்து, வெட்டவெளியாகக் கிடந்த வயலைப் பார்த்து, "முடிச்சுட்டோம்டா ரங்கா" என்றான். என்னைக் கட்டிக்கொண்டபோது அவன் மேல் கரும்புத் தூசி வாசனை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சரோஜினி தீ மிதித்தாள். மேளம், வேப்பிலை, கூட்டம், எல்லாம் நம் ஊர் மாதிரிதான். குலவையும் உண்டு. பேச்சுதான் இந்தி. வெள்ளைச் சட்டை போட்டு செமியும் ஆட்களோடு வந்திருந்தான். அவள் இறங்கி நடந்த அந்தச் சில அடிக்கு நானும் கிச்சாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். செமி மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல், குனிந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஏறியதும் அவள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

திங்கட்கிழமை காப்பு அவிழ்த்தாகிவிட்டது, பெட்டிகள் கட்டியாகிவிட்டது. சரோஜினி செமியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இன்றைக்கு உனக்குக் கோழி என்று கேட்டிலேயே நின்று சொன்னாள். அவன் பெரிய மூச்சு விட்டு, அப்பாடா என்று படியில் உட்கார்ந்தான். போன திங்கட்கிழமையிலிருந்து தன் வீட்டிலும் இறைச்சி, மீன் எதையும் தொடவில்லையாம். மனைவி மீன் வறுத்து வைத்தால் தள்ளிவிட்டுக் கிழங்கை மட்டும் தின்றானாம். உனக்கு என்ன ஆயிற்று என்று அவள் திட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

ஏன் என்று சரோஜினி கேட்டாள். அவர்களுடைய வேகமான ஃபிஜி இந்தியை எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்த கிச்சா, செமியின் பதிலில் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினான்.

"உங்க பழைய ஆளுங்க சொல்லியிருக்காங்க பௌஜி. விரத வீட்டுல சாப்பிடறவன் வெளியில போயி மீன் தின்னா, நெருப்பில நடக்கறவங்களுக்குக் கால் சுட்டுடும்னு. நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா கால் உன்னுதாச்சே."

வீட்டைக் காலி செய்த அத்தனை நாளிலும், சாமான்களை ஒவ்வொன்றாக அயலார் தூக்கிப் போனபோதும், அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று கிச்சா சொல்லியிருந்தான். இப்போது செமிக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். செமி என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியை எடுத்து அவளுக்கு விசிறினான். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோழி அடிக்க எழுந்து போனாள்.

வீட்டில் அம்மி ஒன்றுதான் மூட்டை கட்டாமல் கிடந்தது. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, செமியின் கோழிக் குழம்புக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன்.